பாரிஷ் ஏட்டில் இல்லாத முன்னோர்: இங்கிலாந்தின் மாற்றுச் சபைப் பதிவேடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் வம்சாவளி தேடுகிறவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். மிஷனரி குடும்பத்தில் வந்தவர்கள், ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தினர், அங்கேயே சம்பந்தம் செய்துகொண்டு பேரப்பிள்ளைகளுக்காக இரு வீட்டுப் பரம்பரையையும் எழுதிவைக்க நினைப்பவர்கள் எனப் பலர். இவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 1790வாக்கில் ஒரு திருமணம் கிடைக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பமே பாரிஷ் ஏட்டிலிருந்து, அதாவது ஊரின் இங்கிலாந்துத் திருச்சபை ஆலயம் வைத்திருந்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேட்டிலிருந்து, மறைந்துவிடுகிறது. அந்த இடத்திலிருந்து எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நான்கன்ஃபார்மிஸ்ட் என்று யாரைச் சொல்கிறார்கள்?

அரசின் திருச்சபையான இங்கிலாந்துத் திருச்சபையோடு (ஆங்கிலிக்கன் சபை என்பதும் இதுவே) ஒத்துப்போக மறுத்த புராட்டஸ்டன்டுகளை. 1662இல் வந்த சட்டம் ஒன்று, எல்லாப் போதகர்களும் பொது ஜெபப் புத்தகத்தை முழுமையாக ஏற்க வேண்டும் என்றது. அதற்கும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் மாற்றங்களுக்கும் பணியாமல் வேலையிழந்த போதகர்கள் ஏறக்குறைய 2,000 பேர். அவர்களோடு விசுவாசிகளும் வெளியேறினார்கள். 1689வரை அவர்கள் கூடி வழிபட்டாலே தண்டனை. அந்த ஆண்டு வந்த சகிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வெளிப்படையாகக் கூடுமிடம் கட்ட முடிந்தது.

பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் (இவர்களுக்கே இண்டிபெண்டன்ட் என்றும் பெயர்), பாப்டிஸ்ட், குவேக்கர், யூனிடேரியன், பின்னாளில் மெதடிஸ்ட் ஆகியவை இதில் முக்கியமானவை. தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் அந்நியமாக இருக்காது. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றுசேர்ந்துதானே அது உருவானது. ஆனால் அந்த இணக்கத்தைப் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எதிர்பார்த்துவிடாதீர்கள். அங்கே இவை தனித்தனி உலகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவு வழக்கம். இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுச் சபைகள் என்கிறேன். அவர்கள் கூடிய கட்டடம் சேப்பல்.

என் முன்னோர் சேப்பலுக்குப் போனவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் யாரும் சொன்னதில்லையே.

வீட்டில் சொல்லமாட்டார்கள். மூன்று தலைமுறைக்கு முன் பாட்டனார் பாப்டிஸ்டாக இருந்தது, பேரன் ஆங்கிலிக்கனாகி ஊரில் பெரிய மனிதரானபின் மறக்கப்படும் விஷயம்.

ஆவணங்கள் சொல்லும். கல்யாணமும் அடக்கமும் பாரிஷ் ஏட்டில் இருந்து, நடுவில் பிள்ளைகளின் ஞானஸ்நானம் மட்டும் இல்லையென்றால் அது முதல் அறிகுறி. 1837 ஜூலைக்குப் பிந்தைய திருமணச் சான்றிதழில் எந்தக் கட்டடத்தில், எந்தச் சபையின் முறைப்படி நடந்தது என்று எழுதியிருக்கும். பலர் அந்த வரியைப் படிக்காமல் தகப்பன் பெயருக்கும் தொழிலுக்கும் தாவிவிடுகிறார்கள். உயில்களும் உதவும். சேப்பல் போதகருக்கு ஐந்து பவுண்டு, சபையின் ஏழைகளுக்கு இரண்டு பவுண்டு என்று ஒரு வரி இருந்தால் வேறு சான்று தேவையில்லை. கடைசியாக, 1851 மார்ச் 30ஆம் தேதி இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் எடுக்கப்பட்ட வழிபாட்டுக் கணக்கெடுப்பு. அன்று எந்தெந்த இடத்தில் வழிபாடு நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று ஊர்வாரியாக இருக்கிறது. உங்கள் கிராமத்தைச் சுற்றி எந்தச் சேப்பல்கள் இருந்தன என்று அறிய இதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

சுற்றி என்றால் நடந்து போகும் தூரம் மட்டும் அல்ல. தன் கொள்கைக்கு ஏற்ற பிரசங்கத்துக்காகப் பத்துப் பதினைந்து மைல் போனவர்கள் உண்டு.

மாற்றுச் சபைக்காரர் என்றால், கல்யாணம் மட்டும் ஏன் பாரிஷ் ஆலயத்தில் நடந்தது?

சட்டம். ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து 1837 ஜூலைவரை, இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்தில் நடக்காத திருமணம் செல்லாது. குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டுமே விலக்கு. திருச்சபையின் போதனையை ஏற்காதவர்களும் தங்கள் பிள்ளைகளின் சொத்துரிமைக்காக அந்த ஆலயத்துக்கு வந்து நின்று மணம் முடித்தார்கள். மறு ஞாயிறு சேப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

வில்லியம் கேரியை எடுத்துக்கொள்ளுங்கள். செராம்பூரில் அச்சகம் நடத்திய பாப்டிஸ்ட் மிஷனரியாக நாம் அறிந்தவர். 1761இல் நார்தாம்ப்டன்ஷயரின் பாலர்ஸ்பரியில் பிறந்தார். தகப்பனார் பின்னாளில் அந்தப் பாரிஷின் எழுத்தராகவே இருந்தவர். குழந்தைக்கு ஆங்கிலிக்கன் ஞானஸ்நானம்தான். 1781 ஜூன் 10ஆம் தேதி பிட்டிங்டன் ஆலயத்தில் திருமணம்; மணப்பெண் டாரதிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாததால் ஏட்டில் சிலுவைக் குறி இருக்கிறது. இதுவரை எல்லாம் பாரிஷ் ஏடுதான். 1783 அக்டோபர் 5ஆம் தேதி நார்தாம்ப்டனில் நென் ஆற்றில் மூழ்கி பாப்டிஸ்ட் ஞானஸ்நானம் பெறுகிறார். ஆக ஒரே ஆளுக்கு 22 வருட இடைவெளியில் இரண்டு ஞானஸ்நானங்கள், இரண்டு சபைகளில். இவரைப் பாரிஷ் ஏட்டில் மட்டும் தேடுகிறவர் ஆங்கிலிக்கன் என்பார். பாப்டிஸ்ட் ஏட்டில் மட்டும் தேடுகிறவருக்கு இவருக்குப் பெற்றோரே கிடைக்கமாட்டார்கள்.

எனவே நான் எப்போதும் சொல்வது: சபையை வைத்துத் தேடாதீர்கள், நிகழ்ச்சியை வைத்துத் தேடுங்கள். பிறப்புக்கு ஒரு விதி, திருமணத்துக்கு வேறு விதி, அடக்கத்துக்கு இன்னொன்று.

இந்தப் பதிவேடுகள் இப்போது எங்கே இருக்கின்றன?

பெரும்பகுதி லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். எப்படி அங்கே போயின என்று தெரிந்தால், எது அங்கே இருக்காது என்பதும் புரிந்துவிடும்.

1837 ஜூலை 1ஆம் தேதி அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு தொடங்கியது. அதுவரை மாற்றுச் சபை ஏடுகளுக்கு நீதிமன்றத்தில் மதிப்புக் கிடைப்பது கடினம். ஆங்கிலிக்கன் ஏடுதான் சான்று. அதைச் சரிசெய்ய ஓர் ஆணையம் அமைத்து, பழைய ஏடுகளை அனுப்பிவைக்கும்படி சபைகளைக் கேட்டார்கள். வந்தவற்றைச் சரிபார்த்து, 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அவற்றுக்குச் சான்று மதிப்பு கொடுத்தார்கள். 1857இல் இரண்டாவது சுற்று. இன்று இவை சில தொடர் எண்களில் அடங்கியிருக்கின்றன: ஆர்ஜி 4இல் சரிபார்க்கப்பட்ட சபை ஏடுகள், ஆர்ஜி 5இல் லண்டன் பதிவகங்களின் சான்றிதழ்கள், ஆர்ஜி 6இல் குவேக்கர்கள், ஆர்ஜி 8இல் சரிபார்ப்புச் சான்று பெறாதவையும் வகைக்குள் அடங்காதவையும். ஹோல்போர்னில் இருந்த பிரிட்டிஷ் பிரசவ மருத்துவமனையின் ஏடுகூட ஆர்ஜி 8இல்தான் இருக்கிறது. ஏழைத் தாய்மார் அங்கே பெற்றெடுத்த பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் அதைப் பார்க்காமல் விடக்கூடாது.

எல்லாச் சபைகளும் அனுப்பவில்லை. அரசிடம் ஏட்டைக் கொடுப்பதா என்று முறைத்துக்கொண்டு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த ஏடுகள் பிறகு கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) ஆவணக் காப்பகங்களுக்குப் போயின, அல்லது சேப்பலிலேயே கிடந்தன, அல்லது தொலைந்தன. தொலைந்தால் தொலைந்ததுதான். பாரிஷ் ஏட்டுக்காவது வருடாவருடம் பிஷப்புக்கு அனுப்பிய நகல் இருக்கும்; சேப்பலுக்கு பிஷப்பும் இல்லை, நகலும் இல்லை.

இன்னொரு சங்கடம்: ஏடு சேப்பலுக்குச் சொந்தம் என்று எல்லாப் போதகர்களும் நினைக்கவில்லை. தான் கொடுத்த ஞானஸ்நானங்களைத் தன் சொந்த நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, வேறு ஊருக்குப் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். அதே நோட்டில் அடுத்த ஊரின் பிள்ளைகளும் தொடர்வார்கள். உங்கள் ஊர் ஏடு திடீரென்று ஒரு வருடத்தில் நின்றுவிட்டால், அந்த வருடம் போதகர் எங்கே மாறிப்போனார் என்று பாருங்கள்.

வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

முடியும். ஆர்ஜி 4 முதல் 8 வரை படங்களாகவே இணையத்தில் கட்டணத் தளங்களில் கிடைக்கின்றன. ஆன்செஸ்ட்ரி, தி ஜீனியாலஜிஸ்ட் போன்றவை. ஃபேமிலிசர்ச் தளத்தில் ஆர்ஜி 4இன் பெரும்பகுதிக்கு இலவச அட்டவணை உண்டு. காசு கட்டும் முன் இலவச அட்டவணையில் குடும்பப் பெயரையும் கவுன்டியையும் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். கவுன்டி காப்பகங்களில் உள்ளவை பல இன்னும் இணையத்தில் ஏறவில்லை.

அட்டவணையில் கிடைத்தாலே போதாதா? மூல ஏட்டின் படத்தையும் பார்க்க வேண்டுமா?

பார்த்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பாரிஷ் ஏட்டுக்கு 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்துவிட்டது. எல்லா ஊரிலும் ஒரே கட்டம், ஒரே கேள்விகள். சேப்பல் ஏட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு போதகர் ஒரே வரியில் பிள்ளை பெயரோடு முடித்துவிடுவார். இன்னொருவர் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், தகப்பனின் தொழில், குடியிருக்கும் தெரு என்று எழுதித் தள்ளுவார். அட்டவணை தயாரித்தவர்களோ பெயர், தேதி, பெற்றோர் என்று மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டு மற்றதை விட்டுவிட்டார்கள். பிறந்த தேதியை ஞானஸ்நானத் தேதியாக ஏற்றிவைத்திருப்பதும் சகஜம். பாப்டிஸ்ட் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அட்டவணை சொன்னால், அங்கேயே சந்தேகம் வரவேண்டும்.

பாப்டிஸ்டுகளின் ஏட்டில் ஏன் குழந்தை ஞானஸ்நானமே இல்லை?

அவர்கள் கொள்கையில் அது கிடையாது. தானே விசுவாசத்தை அறிக்கையிடும் வயது வந்தவருக்குத்தான் மூழ்கு ஞானஸ்நானம். எனவே அவர்களின் ஏட்டில் நீங்கள் தேட வேண்டியவை இரண்டு: பிறப்புப் பட்டியல், உறுப்பினர் பட்டியல். பிறப்புப் பட்டியல் எல்லாச் சபைகளிலும் இருக்காது. உறுப்பினர் பட்டியலில் 18 வயதிலோ 40 வயதிலோ ஞானஸ்நானம் பெற்ற தேதி இருக்கும். பெரும்பாலும் பெற்றோர் பெயர் இருக்காது. அந்தத் தேதியிலிருந்து வயதைக் கணக்கிட முயலாதீர்கள். எந்தப் பயனும் இல்லை. பாப்டிஸ்ட் வரலாற்று ஆவணங்களின் பெரிய சேகரிப்பு ஆக்ஸ்ஃபோர்டின் ரீஜென்ட்ஸ் பார்க் கல்லூரியில் உள்ள ஆங்கஸ் நூலகத்தில் இருக்கிறது.

டாக்டர் வில்லியம்ஸ் நூலகப் பதிவு என்கிறார்களே, அது என்ன?

இந்தத் துறையின் புதையல். பிரெஸ்பிடேரியன், இண்டிபெண்டன்ட், பாப்டிஸ்ட் ஆகிய மூன்று சபையினரும் சேர்ந்து, தங்கள் பிள்ளைகளின் பிறப்புக்கு ஒரு பொதுப் பதிவை 1742இல் லண்டனில் தொடங்கினார்கள். இடம், ரெட்கிராஸ் தெருவில் இருந்த டாக்டர் வில்லியம்ஸ் நூலகம். 1837இல் அரசுப் பதிவு வந்து மூடப்படும்வரை ஏறக்குறைய 50,000 பிறப்புகள் அங்கே பதிவாயின. பெரும்பாலானவர்கள் லண்டன்காரர்கள், ஆனால் வெளியூர்களிலிருந்தும் அனுப்பியிருக்கிறார்கள்.

நடைமுறை இப்படி. பெற்றோர் ஒரே மாதிரி இரண்டு தோல்தாள் சான்றிதழ்கள் கொண்டுவர வேண்டும். பிள்ளையின் பெயர், ஆணா பெண்ணா, பெற்றோர் பெயர், தாயின் தகப்பனார் பெயர், பிறந்த நாள், பிறந்த தெருவும் பாரிஷும் கவுன்டியும் என எல்லாம் அதில் இருக்கும். பெற்றோரும் பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் கூட இருந்தவர்களும் கையெழுத்திட்டிருப்பார்கள். பதிவாளர் விவரங்களை ஏட்டில் எழுதிக்கொண்டு, ஒரு சான்றிதழைக் கோப்பில் வைத்துவிட்டு, மற்றதில் பதிவானதாகக் குறித்துப் பெற்றோரிடம் திருப்பித் தருவார். தோல்தாளுக்குப் பதில் காகிதம் வந்தது 1828க்குப் பிறகுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, பிறந்த முகவரியை அவர் ஏட்டில் எழுதவில்லை. அது சான்றிதழில் மட்டுமே உண்டு. ஏடு ஆர்ஜி 4இல், சான்றிதழ் ஆர்ஜி 5இல். ஏட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் தெருவையும் மருத்துவச்சியின் கையெழுத்தையும் சேர்த்தே இழக்கிறார். அந்தச் சாட்சிகளில் ஒருவர் பெரும்பாலும் பாட்டியாகவோ அத்தையாகவோ இருப்பார். அந்தக் காலத்துச் சாதாரணப் பெண்கள் தங்கள் கைப்பட எழுதிய பெயர் கிடைக்கும் இடங்கள் அதிகமில்லை.

வளர்ந்த பிள்ளைகளையும் பிறகு பதியலாம் என்பதால், ஒரே நாளில் ஆறேழு உடன்பிறந்தவர்கள் வரிசையாகப் பதிவாகியிருப்பதும் உண்டு. தேடும்போது பிறந்த ஆண்டோடு நிறுத்தாமல் அதற்குப் பிந்தைய இருபது வருடங்களையும் பாருங்கள்.

மெதடிஸ்டுகளுக்கும் இதே போல உண்டா?

உண்டு. வெஸ்லியன் மெதடிஸ்டுகள் 1818இல் லண்டனில் தங்களுக்கென ஒரு பதிவகம் தொடங்கினார்கள். 10,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள். அதுவும் தேசியக் காப்பகத்தில் இருக்கிறது.

ஆனால் மெதடிஸ்ட் முன்னோரை 1790க்கு முன் சேப்பல் ஏட்டில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1791இல் இறக்கும்வரை தன்னை இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகவே கருதினார்; அவரைப் பின்பற்றியவர்களும் ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் பாரிஷ் ஆலயத்துக்கே போனார்கள். அவர் மறைவுக்குப் பிறகுதான் தனி ஏடுகள் பெருகின. பிறகு பிளவுமேல் பிளவு: 1797இல் நியூ கனெக்ஷன், அதன்பின் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட், பைபிள் கிறிஸ்டியன். ஒரே கிராமத்தில் இரண்டு மெதடிஸ்ட் சேப்பல்கள் எதிரெதிரே நிற்பதைப் பார்த்தால் வியக்க வேண்டாம். பெரும்பிரிவுகள் மீண்டும் ஒன்றுசேர்ந்தது 1932இல்.

மெதடிஸ்ட் ஏடு பெரும்பாலும் ஒரு சேப்பலுக்கு உரியதல்ல, ஒரு சர்க்கியூட்டுக்கு உரியது. சுற்று வட்டாரத்தின் பல சேப்பல்களுக்குச் சேர்த்து ஒரே ஏடு. அது தலைமைச் சேப்பல் இருந்த நகரத்தின் பெயரில் இருக்கும். உங்கள் கிராமத்தின் பெயரைப் பட்டியலில் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டால் நஷ்டம் உங்களுக்கே.

குவேக்கர் ஏடுகளில் மாதப் பெயர்களே இல்லை. தேதியை எப்படிப் படிப்பது?

ஜனவரி, மார்ச் என்பவை புறமதத் தெய்வங்களின் பெயரில் வந்தவை என்று சொல்லி, குவேக்கர்கள் மாதங்களை எண்ணால் குறித்தார்கள். கிழமைகளையும் அப்படியே. இதில் பொறி எங்கே என்றால், 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. குவேக்கர்களுக்கு முதல் மாதம் மார்ச்.

ஆக 1730ஆம் ஆண்டு 11ஆம் மாதம் 5ஆம் நாள் என்று இருந்தால் அது நவம்பர் அல்ல. மார்ச்சிலிருந்து எண்ணிப் பாருங்கள்: பதினொன்றாவது ஜனவரி. ஆண்டும் நம் கணக்கில் 1731. இரண்டாம் மாதம் என்றால் ஏப்ரல். மார்ச் 1 முதல் 24 வரையிலான தேதிகளில் ஆண்டு எது என்பதில் குழப்பம் இருக்கும். அங்கே இரண்டு ஆண்டுகளையும் எழுதிவையுங்கள். 1752 முதல் முதல் மாதம் ஜனவரி. சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பெயர்பெற்ற எலிசபெத் ஃப்ரை பிறந்தது 1780 ஐந்தாம் மாதம் 21ஆம் நாள். அதை மே 21 என்றே படிக்கலாம். மென்பொருளில் ஏற்றும்போது பழைய தேதிகளை அப்படியே எண்ணாகத் தட்டிவிட்டு, தங்கை அக்காவுக்கு ஏழு மாதம் முன்னால் பிறந்துவிட்ட வம்சாவளிகள் இணையத்தில் நிறைய உலவுகின்றன.

இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டால் குவேக்கர் ஆவணங்களுக்கு இணை கிடையாது. ஞானஸ்நானமே இல்லாத சபை என்பதால் பிறப்பைப் பதிந்தார்கள். திருமணத்துக்குக் குருவும் இல்லை. மணமக்கள் சபை நடுவே எழுந்து நின்று வாக்குக் கொடுப்பார்கள். பிறகு வந்திருந்த அத்தனை பேரும் திருமணச் சான்றில் கையெழுத்திடுவார்கள். உறவினர்கள் பெரும்பாலும் மணமக்களின் பெயருக்குக் கீழே தனி வரிசையில். ஒரு தாளில் மாமன், சித்தப்பா, ஒன்றுவிட்ட சகோதரி எல்லோரும் கிடைத்துவிடுவார்கள். 1840இல் ஏடுகளை ஒப்படைக்கும் முன் எல்லாவற்றையும் வட்டாரவாரியாகச் சுருக்கி நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்தச் சுருக்கங்கள் லண்டன் யூஸ்டன் சாலையில் உள்ள ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ் நூலகத்தில் இருக்கின்றன.

பிறகு மாதாந்திரக் கூட்டக் குறிப்புகள். சபைக்கு வெளியே மணந்தவரை நீக்கினார்கள். கடனைத் திருப்பாமல் திவாலானவரை நீக்கினார்கள். வேறு ஊர் போனவருக்கு அறிமுகச் சான்று எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் ஏட்டிலிருந்து மறைந்ததற்குக் காரணம் இங்கே கறாராக எழுதப்பட்டிருக்கும்.

அடக்கம் எங்கே நடந்திருக்கும்?

கிராமத்தில் என்றால் பெரும்பாலும் பாரிஷ் கல்லறையில்தான். வேறு இடம் இருக்காது. ஆங்கிலிக்கன் குருதான் ஆராதனை நடத்துவார், அல்லது ஞானஸ்நானம் பெறாதவர் என்று நடத்த மறுப்பார். மாற்றுச் சபைப் போதகர் பாரிஷ் கல்லறையில் தன் முறைப்படி அடக்க ஆராதனை நடத்தும் உரிமை 1880ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. குவேக்கர்களும் வசதியான சேப்பல்களும் சொந்த இடம் வைத்திருந்தார்கள்.

லண்டனில் பன்ஹில் ஃபீல்ட்ஸ். 1660களிலிருந்து 1854வரை மாற்றுச் சபையினரின் பெரும் கல்லறைத் தோட்டம். ஜான் பனியன், டேனியல் டீஃபோ, ஐசக் வாட்ஸ் எல்லோரும் அங்கேதான். 1713இலிருந்து அடக்கப் பதிவுகள் இருக்கின்றன, ஆர்ஜி 4இல். கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கின் வாழ்க்கையைப் பாருங்கள்: 1757இல் ஞானஸ்நானம் பிக்காடிலி புனித யாக்கோபு ஆலயத்தில், 1782இல் திருமணம் பாட்டர்ஸீ பாரிஷ் ஆலயத்தில், 1827இல் அடக்கம் பன்ஹில் ஃபீல்ட்ஸில். முதல் இரண்டையும் வைத்து ஆங்கிலிக்கன் அடக்கத்தைத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது.

1840இல் திறந்த ஏப்னி பார்க் போன்ற தனியார் கல்லறைத் தோட்டங்கள் வந்தபின் வடக்கு லண்டனின் சேப்பல் குடும்பங்கள் அங்கே போயின.

ஏட்டின் பட்டியலில் ஒரு சேப்பல் யூனிடேரியன் என்று இருக்கிறது. ஆனால் என் முன்னோர் பிரெஸ்பிடேரியன் என்று உயிலில் இருக்கிறது. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பிரெஸ்பிடேரியன் சபைகள் பல, கட்டடம் மாறாமலே யூனிடேரியன் (திரித்துவத்தை ஏற்காதவர்கள்) ஆகிவிட்டன. மான்செஸ்டரின் கிராஸ் ஸ்ட்ரீட் சேப்பல் இதற்குப் பேர்பெற்ற உதாரணம். பட்டியலில் இருப்பது பெரும்பாலும் ஏடு ஒப்படைக்கப்பட்ட காலத்து அடையாளம். பெயர்ப்பலகையை நம்பாமல் தெருவையும் கட்டடத்தையும் பின்தொடருங்கள். சேப்பலின் பெயரும் போதாது. எபெனேசர், பெத்தேல், சாலேம், சீயோன் எல்லாம் நம்மூரில் போலவே அங்கேயும் எந்தச் சபைக்கும் பொருந்தும் பெயர்கள்.

பதிவேடே இல்லை என்றால்?

சபைக் கூட்டக் குறிப்பேடு இருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் பல நேரங்களில் ஞானஸ்நான ஏட்டைவிட அதுவே மேல். யார் எப்போது உறுப்பினராகச் சேர்ந்தார், எந்தச் சபையின் மாற்றுக் கடிதத்தோடு வந்தார், எந்தச் சபைக்குக் கடிதம் வாங்கிப் போனார் என்று எழுதியிருக்கும். ஊர்விட்டு ஊர் போன குடும்பத்தைப் பிடிக்க அந்தக் கடிதக் குறிப்பு ஒன்று போதும். திருவிருந்துக்கு நான்கு மாதமாக வராத உறுப்பினரைப் பார்த்துவர இரண்டு பேரை அனுப்பியது, குடித்துவிட்டு வண்டியோட்டியவரைக் கண்டித்தது, கடையில் எடை குறைத்தவரை நீக்கியது என்று இப்படிப்பட்ட வழக்குகளும் வரும். படிக்கச் சுவையானவை; சில நேரம் குடும்பத்துக்குச் சங்கடமானவை.

சபைப் பத்திரிகைகளும் இருக்கின்றன. வெஸ்லி 1778இல் தொடங்கிய ஆர்மினியன் மேகசின், பின்னாளில் மெதடிஸ்ட் மேகசின் என்று பெயர் மாறியது. அதில் சாதாரண உறுப்பினர்களுக்கும் இரங்கல் குறிப்பு வந்தது. பிறந்த ஊர், மனம்திரும்பிய விதம், மரணப் படுக்கையில் சொன்ன சொல் எல்லாம் இருக்கும். கடைசிச் சொற்களைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் படியுங்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசி இறந்திருக்கிறார்கள்.

பாரிஷ் ஏட்டையும் முற்றாகக் கைவிட வேண்டாம். 1695இல் பிறப்பு, திருமணம், அடக்கத்துக்கு வரி போட்டபோது, மாற்றுச் சபைக் குழந்தைகளின் பிறப்பையும் குருவிடம் தெரிவிக்க வேண்டியிருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் பிறந்தது என்று மட்டும் குறித்த பதிவுகள் சில ஊர்களில் கிடைக்கின்றன. சொத்துள்ள குடும்பங்கள் சில, வழக்கு வந்தால் உதவும் என்று பாரிஷிலும் சேப்பலிலுமாக இரண்டு முறை பதிந்திருக்கின்றன.

1837க்குப் பிறகு?

பிறப்புக்கும் இறப்புக்கும் அரசுச் சான்றிதழ் இருக்கிறது, கவலை குறைவு. சேப்பலில் திருமணம் நடத்தலாம், ஆனால் அந்தக் கட்டடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், அரசுப் பதிவாளரும் வந்து உட்கார வேண்டும். பதிவாளர் இல்லாமல் சேப்பலின் அங்கீகரிக்கப்பட்ட நபரே பதியலாம் என்றது 1898ஆம் ஆண்டுச் சட்டம். இந்தக் காலத்து ஞானஸ்நான ஏடுகளைக் கியூவில் தேடாதீர்கள். கவுன்டி காப்பகத்தில் தேடுங்கள்.

கத்தோலிக்கர்கள் இந்தத் தொகுப்பில் வருவார்களா?

மிகக் குறைவு. ஏடுகளைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். வட இங்கிலாந்தின் சில மிஷன்களின் ஏடுகள் மட்டுமே ஆர்ஜி 4இல் உள்ளன. லண்டனின் பிரெஞ்சு ஹ்யூகனாட் (பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த புராட்டஸ்டன்டுகள்) சபை ஏடுகள் இருக்கின்றன. அவற்றை ஹ்யூகனாட் சங்கம் அச்சிட்டும் வெளியிட்டிருக்கிறது.

கவுன்டி காப்பகத்துக்கு எழுதும்போது என்ன கேட்பது?

என் மூதாதையரைப் பற்றி இருப்பதை அனுப்புங்கள் என்று எழுதினால் பதில் வந்தாலும் உருப்படியாக வராது. ஊரின் பெயர், பக்கத்து நகரத்தின் பெயர், சபை தெரிந்தால் அது, ஆண்டு வரம்பு என நான்கையும் கொடுத்து, மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்தப் பகுதிக்கு எந்தச் சேப்பல்களின் ஏடுகள் உங்களிடம் உள்ளன? மெதடிஸ்ட் என்றால் அந்தக் கிராமம் அந்த ஆண்டுகளில் எந்தச் சர்க்கியூட்டில் இருந்தது? பதிவேடு தவிர உறுப்பினர் பட்டியலோ கூட்டக் குறிப்பேடோ இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால் பதிலில் அது வராது. குறிப்பேடு பெரும்பாலும் வேறு எண்ணில், வேறு பெட்டியில் இருக்கும்.